பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது யார்? எல்டாப் லாகின், புதிதாக வருபவர்களுக்கு

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால், ஐடி பிரிவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் தமிழ்ப் பிள்ளைகள். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தவர்கள் உண்டு. கோயமுத்தூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவர்கள் காதில் விழும் பேச்சு ஒன்று: “ஈஆர்பிய எல்டாப்போட கனெக்ட் பண்ணியாச்சு.” ஈஆர்பி என்பது பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், சம்பளம் என்று கம்பெனியின் வேலைகளை நடத்தும் மென்பொருள். எல்டாப் என்பது பணியாளர் பதிவேட்டிடம் கேள்வி கேட்கும் முறை.

இந்தப் பேச்சைக் கேட்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். வேலையை விட்டுப் போனவருக்கு இனி எல்லாக் கதவும் தானாக மூடிவிடும் என்று மேலாளர் நினைக்கிறார். காலையில் விண்டோஸில் ஒருமுறை நுழைந்தால் போதும், வேறெங்கும் பாஸ்வேர்டு கேட்காது என்று ஸ்டோர்ஸ்காரர் எதிர்பார்க்கிறார். எல்லாருடைய பாஸ்வேர்டும் ஈஆர்பிக்குள் நகலாகி வந்துவிட்டது என்று புதிதாகச் சேர்ந்த பையன் நம்புகிறான். மூன்றுமே சரியல்ல. இந்தக் குழப்பத்தோடு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறப்பதால்தான், அங்கே இருக்கும் கட்டங்களை எங்கிருந்தோ எடுத்த ஒரு மாதிரியைப் பார்த்து அப்படியே நிரப்புகிறார்கள். வேலை செய்தால் நல்லது, செய்யாவிட்டால் ஏன் என்று தெரியாது. உள்ளே நடப்பது என்னவென்று ஒருமுறை புரிந்துவிட்டால், அந்தக் கட்டங்கள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

ரேஷன் கடையில் நடப்பது

கேரளத்து ரேஷன் கடையில் இப்போது ஈ-பாஸ் இயந்திரத்தில் விரல் வைத்துத்தான் அரிசி வாங்குகிறோம். கடைக்காரரிடம் நம் கைரேகை கிடையாது. இயந்திரம் நம் எண்ணையும் ரேகையையும் ஆதார் அமைப்புக்கு அனுப்பி, “இந்த எண்ணுக்கு உரியவர் இவர்தானா?” என்று கேட்கிறது. திரும்பி வரும் பதில் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

ஆம் என்று வந்துவிட்டதாலேயே எவ்வளவு அரிசி என்பது முடிவாகிவிடுவதில்லை. கார்டு மஞ்சளா, பிங்க்கா, நீலமா, வெள்ளையா என்பதைப் பொறுத்து அது வேறு கணக்கு. ஆள் யார் என்பது ஒரு கேள்வி. அவருக்கு என்ன உரிமை என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஆத்தென்டிகேஷன் என்று பெயர், அதாவது அடையாளச் சரிபார்ப்பு. இரண்டாவது ஆத்தரைசேஷன், அதாவது அனுமதி. இணைப்பு கிடைக்காத நாளில் கடைக்காரருக்கு நம்மை எத்தனை வருடமாகத் தெரிந்திருந்தாலும் வரிசை நகராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்டாப் லாகினிலும் ஈஆர்பி செய்வது கடைக்காரரின் வேலைதான். பாஸ்வேர்டு அதனிடம் இல்லை. இருக்கும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

டைரக்டரியும் டிஎன்னும்

நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களின் பெயர், பிரிவு, மெயில், எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பதிவேடுதான் டைரக்டரி. பெரும்பாலான அலுவலகங்களில் அது மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி. 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000-உடன் வந்தது. லினக்ஸ் பக்கம் போனால் ஓப்பன்எல்டாப் போன்றவை உண்டு.

இந்தப் பதிவேட்டிடம் கேள்வி கேட்பதற்கான பொது மொழிதான் எல்டாப். 1988-இல் எக்ஸ்.500 என்ற பெரிய தரநிலை ஒன்று இருந்தது. சாதாரணக் கணினிகளுக்கு அது பாரமாக இருந்ததால், அதைக் கேட்டறிய இலகுவான ஒரு வழியை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அதன் முதல் வரையறை 1993-இல் வெளியானது. இன்று எல்லாரும் பயன்படுத்துவது 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஆகவே எல்டாப் என்பது ஒரு சர்வரின் பெயரும் அல்ல, ஒரு மென்பொருளின் பெயரும் அல்ல. கேட்கும் முறையின் பெயர்.

டைரக்டரிக்குள் பதிவுகள் கிளை கிளையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பதிவு எந்தக் கிளையில் எங்கே இருக்கிறது என்பதை முழுதாகச் சொல்லும் பெயர் டிஎன். இப்படி இருக்கும்:

சிஎன்=பழனிசாமி கே, ஓயு=உற்பத்தி, ஓயு=கஞ்சிக்கோடு, டிசி=கம்பெனி, டிசி=லோக்கல்

வலது கோடியில் இருப்பது அடிமரம், இடது கோடியில் இருப்பது ஆள். சிஎன் என்பது பெயர், ஓயு என்பது பிரிவு, டிசி என்பது டொமைன் பெயரின் துண்டுகள். டைரக்டரிக்கு அடையாளம் என்றால் இந்த முழு வரிதான். வெறும் “பழனிசாமி” என்று சொன்னால் அதற்குப் போதாது.

இதுவரை வந்தது இவ்வளவு: பதிவேடு டைரக்டரி, அதனிடம் பேசும் மொழி எல்டாப், பதிவேட்டில் ஒருவர் இருக்கும் முழு இடம் டிஎன்.

லாகின் பட்டனை அழுத்தியதும்

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பழனிசாமி ஈஆர்பியில் தன் பணியாளர் எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்து லாகின் கொடுக்கிறார். ஈஆர்பிக்குப் பணியாளர் எண் தெரியும், டிஎன் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஆக்டிவ் டைரக்டரி, முகம் தெரியாதவர்களுக்குத் தேட அனுமதி தராது. அதனால் ஈஆர்பி முதலில் தன் பெயரில் உள்ளே போகிறது. அதற்கென்றே உண்டாக்கி வைத்த கணக்குக்கு சர்வீஸ் அக்கவுண்ட் என்று பெயர். டைரக்டரிக்குப் போய் டிஎன்னையும் பாஸ்வேர்டையும் காட்டி “நான் இன்னார்” என்று நிற்பதற்கு பைண்ட் என்று பெயர்.

உள்ளே போன பிறகு தேடுகிறது: “இந்தப் பணியாளர் எண் உள்ள பதிவு எது?” ஒரே ஒரு பதிவு கிடைக்க வேண்டும். கிடைத்த பதிவின் டிஎன்னை எடுத்துக்கொள்கிறது.

பிறகுதான் உண்மையான சோதனை. அந்த டிஎன்னையும் பழனிசாமி அடித்த பாஸ்வேர்டையும் வைத்து, இம்முறை பழனிசாமியாகவே பைண்ட் கேட்கிறது. டைரக்டரி சரி என்றால் பாஸ்வேர்டு சரி. இல்லையென்றால் தவறு. டைரக்டரி ஒருபோதும் பாஸ்வேர்டை எடுத்து ஈஆர்பியிடம் கொடுப்பதில்லை. ஈஆர்பியும் அதை எங்கும் சேமிக்கத் தேவையில்லை.

ஆக, முதலில் சர்வீஸ் அக்கவுண்டாக பைண்ட், அடுத்து தேடல், கடைசியில் பயனராக பைண்ட். லாகின் நடக்காவிட்டால் நான் முதலில் கேட்பது இந்த மூன்றில் எது உடைந்தது என்றுதான். அதைக் கேட்காமல் செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பாதி நாளைத் தொலைத்துவிடுகிறார்கள்.

செட்டிங்ஸ் பக்கத்தின் கட்டங்கள்

எந்த நிறுவனத்து மென்பொருளாக இருந்தாலும் இந்தப் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சர்வர் முகவரி, போர்ட் (சர்வரில் தட்ட வேண்டிய வாசலின் எண்), பைண்ட் டிஎன், அதன் பாஸ்வேர்டு: இவை முதல் படிக்கு. பைண்ட் டிஎன் என்பது சர்வீஸ் அக்கவுண்டின் டிஎன். இங்கே டொமைன் அட்மினின் கணக்கை, அதாவது டைரக்டரியில் எல்லா உரிமையும் உள்ள கணக்கை, போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். படித்துப் பார்க்கும் உரிமை மட்டும் உள்ள சாதாரணக் கணக்கு போதும். ஈஆர்பி சர்வரை யாராவது உடைத்தால், அங்கே சேமித்து வைத்த இந்தப் பாஸ்வேர்டுதான் முதலில் அவர்கள் கையில் சிக்கும்.

இந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எப்போது காலாவதியாகும் என்பதையும் குறித்து வையுங்கள். ஆக்டிவ் டைரக்டரியை நிறுவியதும் இருக்கும் விதிப்படி ஒரு பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். யாரும் எதையும் தொடாமலேயே ஒரு காலையில் மொத்தக் கம்பெனிக்கும் லாகின் நின்றுபோனால், பல தடவை காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பேஸ் டிஎன். எந்தக் கிளையிலிருந்து கீழே தேட வேண்டும் என்று சொல்வது. இதில் நடக்கும் தவறு எல்லைப் பகுதிக் கம்பெனிகளில் சர்வசாதாரணம், ஏனென்றால் பிளாண்ட் கஞ்சிக்கோட்டில் இருக்கும், ஆபீஸ் கோயமுத்தூரில் இருக்கும். போனில் வரும் பேச்சு இப்படி இருக்கும்:

“அண்ணா, கோயமுத்தூர் ஆபீஸ்காரங்க யாருமே உள்ள போக முடியலைங்கண்ணா. நம்ம பிளாண்ட் ஆளுங்களுக்கு நல்லா ஓப்பன் ஆகுது.”

“பேஸ் டிஎன் என்ன போட்டிருக்கே தம்பி?”

“ஓயு கஞ்சிக்கோடுன்னு ஆரம்பிக்குதுங்கண்ணா.”

“அப்ப கோயமுத்தூர் கிளைய அது எட்டியே பாக்காதேப்பா. ஒரு படி மேல ஏத்திப் போடு.”

பாஸ்வேர்டு சரி, நெட்வொர்க் சரி, சர்வர் சரி. தேடும் இடம் மட்டும் குறுகல். ஆனால் திரையில் வருவது “யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு” என்ற அதே வரிதான்.

அதற்கடுத்து ஃபில்டர். எந்த விவரத்தை வைத்துத் தேட வேண்டும் என்பதற்கான நிபந்தனை. ஓப்பன்எல்டாப்பில் வழக்கமாக யூஐடி (பயனரின் அடையாளப் பெயர்), ஆக்டிவ் டைரக்டரியில் சாம்-அக்கவுண்ட்-நேம். இந்த இரண்டாவது, விண்டோஸில் நுழைய நாம் அடிக்கும் சிறு பெயர். 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

இங்கே சிலர் சிஎன்னை, அதாவது ஆளின் பெயரை வைத்துத் தேடச் சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்தில் அது கண்டிப்பாகச் சிக்கலில் முடியும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் அவர் கே. பழனிசாமி. கேரளத்து ஆவணத்தில் இனிஷியல் பின்னால் போய் பழனிசாமி கே. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் கடைசியில் ‘ஐ’ போடுவார், மற்றவர் ‘ஒய்’ போடுவார், நடுவில் ‘டபிள்யூ’ வருமா வராதா என்பது பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தவரைப் பொறுத்தது. அதோடு ஒரே ஷிஃப்டில் இரண்டு பழனிசாமி இருப்பார்கள். தேடலில் இரண்டு பதிவு கிடைத்தால் ஒழுங்கான மென்பொருள் யாரையும் உள்ளே விடாது. ஒழுங்கில்லாதது முதலில் கிடைத்தவரை எடுத்துக்கொள்ளும். மாறாத, ஒருவருக்கு ஒன்றே உள்ள ஒன்றை வைத்துத்தான் தேட வேண்டும். பணியாளர் எண் அதற்கு மிகவும் ஏற்றது.

சுருக்கம்: சர்வர், போர்ட், பைண்ட் டிஎன் முதல் படிக்கு. பேஸ் டிஎன்னும் ஃபில்டரும் இரண்டாம் படிக்கு. மூன்றாம் படிக்குத் தனிக் கட்டம் கிடையாது, அங்கே வருவது பயனர் அடிக்கும் பாஸ்வேர்டு.

பாஸ்வேர்டு போகும் வழி

மூன்றாம் படியை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். பழனிசாமியின் பாஸ்வேர்டு ஈஆர்பி வழியாக டைரக்டரிக்குப் பயணம் செய்கிறது. எல்டாப்பின் வழக்கமான போர்ட் 389. அதில் வேறு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் பாஸ்வேர்டு அப்படியே வெட்டவெளிச்சமாகப் போகும். நடுவில் நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்கிறவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

இதைத் தடுப்பது டிஎல்எஸ், இரண்டு கணினிகளுக்கு இடையே போகும் தகவலை மறைகுறியாக்கும் முறை. தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ்ஸில் பேசுவதற்கு 636 என்ற போர்ட் உண்டு. 389-இலேயே தொடங்கி உடனே டிஎல்எஸ்ஸுக்கு மாறுவதற்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்று பெயர். இரண்டில் எது ஆனாலும் சரி, ஏதாவது ஒன்று கட்டாயம்.

டிஎல்எஸ்ஸை இயக்கியதும் சான்றிதழ்ப் பிழை வரலாம். தான் பேசுவது உண்மையான டைரக்டரி சர்வரோடுதானா என்று ஈஆர்பி சான்றிதழைப் பார்த்து உறுதி செய்கிறது. சான்றிதழில் சர்வரின் பெயர் இருக்கும். நாம் கட்டத்தில் ஐபி எண்ணைப் போட்டிருப்போம். பெயர் பொருந்தாது. அல்லது சான்றிதழைக் கொடுத்த கம்பெனியின் சொந்த அமைப்பை ஈஆர்பி சர்வர் இன்னும் நம்பத் தொடங்கியிருக்காது. பெயரைச் சரியாகப் போட்டு, வழங்கியவரின் சான்றிதழை ஈஆர்பி சர்வரில் சேர்த்தால் தீர்ந்தது. அதற்குப் பதிலாக ‘எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்’ என்ற டிக்கைப் போட்டுவிட்டுப் போனால், போலி சர்வருக்கும் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தயார் என்று அர்த்தம்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத ஓட்டை காலி பாஸ்வேர்டு. எல்டாப் விதிப்படி, டிஎன்னைக் கொடுத்துப் பாஸ்வேர்டைக் காலியாக விட்டு பைண்ட் கேட்டால், அதைப் பெயர் சொல்லாத இணைப்பாக எடுத்துக்கொண்டு “சரி” என்று பதில் சொல்லும் சர்வர்கள் உண்டு. சர்வரின் கணக்கில் அது யாருடைய அடையாளத்தையும் உறுதி செய்யவில்லை. ஆனால் ஈஆர்பி எழுதியவர் “சரி என்று வந்ததா? உள்ளே விடு” என்று எழுதியிருந்தால், யாருடைய பணியாளர் எண்ணையும் அடித்து, பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டு அவர் பெயரில் நுழைந்துவிடலாம். எல்டாப்பின் பாதுகாப்பு பற்றி 2006-இல் வந்த தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4513 இதைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. காலி பாஸ்வேர்டை மென்பொருளே டைரக்டரிக்கு அனுப்பாமல் மறுக்க வேண்டும். புதிதாக எந்த மென்பொருளை இணைத்தாலும் நீங்களே ஒருமுறை காலியாக விட்டு லாகின் கொடுத்துப் பாருங்கள்.

உள்ளே வந்த பிறகு

பழனிசாமிதான் என்று உறுதியாகிவிட்டது. இனி அவர் பர்ச்சேஸ் ஆர்டர் போடலாமா, சம்பளப் பட்டியலைப் பார்க்கலாமா? டைரக்டரிக்கு அது தெரியாது. அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று மட்டும் அது சொல்லும். ‘டைரக்டரியில் ஸ்டோர்ஸ் குழுவில் இருப்பவருக்கு ஈஆர்பியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு’ என்று இரண்டையும் பொருத்துவது நம் வேலை. இதற்கு குரூப் மேப்பிங் என்று பெயர்.

இதைச் செய்யாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லாரும் உள்ளே வந்து வெறும் பக்கத்தைப் பார்ப்பார்கள், அல்லது டைரக்டரியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு பொது உரிமை கிடைத்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. கேன்டீன் ஒப்பந்தக்காரருக்கு மெயிலுக்காக உண்டாக்கிய கணக்கும் அதே டைரக்டரியில்தான் இருக்கிறது.

குழுவுக்குள் குழு இருந்தால் இன்னொரு சங்கதி. பழனிசாமி ‘ஷிஃப்ட்-பி’ குழுவில், அந்தக் குழு ‘உற்பத்தி’ குழுவுக்குள். அவருடைய பதிவைப் பார்த்தால் ஷிஃப்ட்-பி மட்டும்தான் தெரியும். உள்குழுக்களையும் பார்க்கும்படி மென்பொருளில் தனியாகச் சொல்ல வேண்டும்.

வேலையை விட்டவர் விஷயமும் இங்கேதான் வருகிறது. டைரக்டரியில் அவர் கணக்கை முடக்கினால் அவரால் புதிதாக நுழைய முடியாது. ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் பக்கம் அதன் நேரம் முடியும்வரை திறந்தே இருக்கலாம். ஈஆர்பிக்குள்ளேயே தனியாக உண்டாக்கிய கணக்கும், வேறு புரோகிராம்களுக்குக் கொடுத்த சாவி எண்களும் டைரக்டரியின் கைக்கு எட்டாதவை. அவற்றை ஆள் உட்கார்ந்துதான் மூட வேண்டும்.

ஒரே பாஸ்வேர்டு வேறு, ஒரே லாகின் வேறு

ஸ்டோர்ஸ்காரரின் எதிர்பார்ப்புக்கு வருவோம். எல்டாப் தருவது எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு. ஒவ்வொரு மென்பொருளிலும் அதை அடிக்கத்தான் வேண்டும். ஒருமுறை நுழைந்தால் எல்லாம் திறக்கும் சிங்கிள் சைன்-ஆன் வேறு ஏற்பாடு. கம்பெனிக்குள் கெர்பராஸ், வெளியில் எஸ்ஏஎம்எல், ஓப்பன்ஐடி கனெக்ட் போன்ற முறைகள் அதைச் செய்கின்றன. வித்தியாசம் வசதியில் மட்டும் இல்லை. எல்டாப்பில் நம் பாஸ்வேர்டு மென்பொருளின் கை வழியாகப் போகிறது. மற்றவற்றில் மென்பொருள் அதைப் பார்ப்பதே இல்லை. வெளியார் நடத்தும் இணையச் சேவைக்கு எல்டாப்பைக் கொடுக்க நான் சம்மதிக்காததற்கு இதுதான் காரணம்.

“எங்ககிட்ட எண்ட்ரா ஐடி இருக்கு, அதையே எல்டாப் சர்வரா போடலாமா?” என்றும் கேட்கிறார்கள். அது மைக்ரோசாஃப்ட் இணையத்தில் நடத்தும் டைரக்டரி. முன்பு அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்ததைத்தான் மைக்ரோசாஃப்ட் 2023-இல் அந்தப் பெயருக்கு மாற்றியது. பழைய பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது நேரடியாக எல்டாப் பேசாது. அதற்குத் தனியாக டொமைன் சர்வீசஸ் என்ற சேவையை எடுக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் இருக்கும் எண்

லாகின் தவறும்போது பயனருக்கு ஒரே வரிதான் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், வெளியாளுக்குத் துப்பு கொடுக்கக் கூடாது. ஆனால் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் மென்பொருளின் லாக் கோப்பில் உண்மை இருக்கும். எல்டாப்பில் பைண்ட் தோற்றால் வரும் எண் 49. ஆக்டிவ் டைரக்டரி அதோடு இன்னொரு சிறு குறியும் தரும். 525 என்றால் அப்படி ஆளே இல்லை. 52இ என்றால் பாஸ்வேர்டு தவறு. 532 பாஸ்வேர்டு காலாவதி, 533 கணக்கு முடக்கம், 773 முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், 775 கணக்கு பூட்டிக்கொண்டது. 49-க்குப் பதில் 32 என்று வந்தால் நீங்கள் போட்ட பேஸ் டிஎன்னே அங்கு இல்லை, எழுத்துப்பிழையைத் தேடுங்கள்.

775-க்கு ஒரு வார்த்தை கூடுதலாக. ஈஆர்பியில் தவறாக அடித்த பாஸ்வேர்டும் டைரக்டரியின் கணக்கில்தான் ஏறும். ஈஆர்பியை இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தால், எங்கோ இருக்கும் ஒருவர் பழனிசாமியின் எண்ணைப் போட்டுத் திரும்பத் திரும்ப முயன்றாலே போதும். காலை ஷிஃப்டுக்கு வரும் பழனிசாமி தன் விண்டோஸுக்குள்கூட நுழைய முடியாது. பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்று அவரைக் கடிந்துகொள்ளும் முன், தவறான முயற்சிகள் எந்தச் சர்வரிலிருந்து வந்தன என்று பாருங்கள்.

எல்லாருக்கும் திறந்துவிடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்: சரியான பாஸ்வேர்டு, தவறான பாஸ்வேர்டு, காலி பாஸ்வேர்டு, யூசர்நேமில் வெறும் நட்சத்திரக் குறி (தேடலில் அது எதற்கும் பொருந்தும்), முடக்கிய கணக்கு, இரண்டு ஊர்க் கிளையிலிருந்தும் ஒவ்வொருவர், உள்குழுவில் மட்டும் இருக்கும் ஒருவர். முதலாவதும் கடைசி இரண்டும் உள்ளே போக வேண்டும். மற்ற எதுவும் போகக் கூடாது. பிறகு ஈஆர்பிக்கும் டைரக்டரிக்கும் இடையே உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு, டைரக்டரியைச் சாராத உள்ளூர் அட்மின் கணக்கு ஒன்றால் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு கணக்கு இல்லாவிட்டால், டைரக்டரி படுத்த நாளில் அதே செட்டிங்ஸ் பக்கத்தைத் திருத்துவதற்குக்கூட உங்களால் உள்ளே போக முடியாது.